பிள்ளையார் பால் குடித்தாரா, கடவுள் இருக்கிறாரா: இரண்டும் ஒரே கேள்வியா?

வந்த கேள்வி இது: "நான் சாமி கும்பிடுகிறவன். மச்சான் கடவுள் மறுப்பாளர். தீபாவளி, பொங்கல் என்று குடும்பம் சேரும்போதெல்லாம் 'ஆதாரம் காட்டுங்க மாப்பிள்ளை' என்று அவர் ஆரம்பிப்பார். 'இல்லை என்பதற்கு நீங்க ஆதாரம் காட்டுங்க' என்று நான் திருப்புவேன். பாயசம் ஆறிப்போவதுதான் மிச்சம். நிரூபிக்கவேண்டிய பொறுப்பு உண்மையில் யாருடையது? நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்பதே தப்பா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்டு என்றோ இல்லை என்றோ யார் அடித்துச் சொல்கிறாரோ, பொறுப்பு அவருடையது. உங்களுக்கும் மச்சானுக்கும் இதில் தனித்தனிச் சட்டம் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், இருவரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று படுகிறது. இந்த மாதிரி வாதங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் கெட்டுப்போகின்றன. நான் அதைக் கண்ணால் பார்த்த ஒரு சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. விடியற்காலையில் டெல்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் ஸ்பூனில் கொடுத்த பாலைக் குடித்தார் என்று கிளம்பிய செய்தி, செல்போன் இல்லாத அந்தக் காலத்திலும் மத்தியானத்துக்குள் நாடு முழுக்கப் பரவி, லண்டன் சௌத்தால் கோயில் வரை போய்விட்டது. டெல்லியில் அன்று பால் விற்பனை முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறியதாகச் சொன்னார்கள். நான் அப்போது மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பினால், எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால் வரிசை ரேஷன் கடை வரைக்கும் நிற்கிறது. வரிசையில் அத்தை, கையில் ஒரு தம்ளர் பாலும் எவர்சில்வர் ஸ்பூனுமாக. நானும் கூடப் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் பிள்ளையாரை யார் வேண்டுமானாலும் தொடலாம். காலையிலிருந்து ஊற்றிய தண்ணீரிலும் பாலிலும் கல் நன்றாக நனைந்திருந்தது. அத்தை ஸ்பூன் தளும்பத் தளும்பப் பாலை ஊற்றி, தும்பிக்கை நுனியில் ஒட்டிப் பிடித்தார். நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் பால் மட்டம் இறங்கியது, நிஜமாகவே இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது, மறைக்கவேண்டியதில்லை.

எல்லார் கண்ணும் தும்பிக்கையில் இருந்தது. நான் குனிந்து கீழே பார்த்தேன். தொந்தியின் ஓரமாகக் கண்ணாடித் தாள் போல மெல்லிய ஒரு வெள்ளைப் பூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. பீடத்தின் ஓரத்தில் அபிஷேகத் தண்ணீர் வெளியேற வைத்திருந்த கோமுகிக்கு அடியில், ஒரு தகர டப்பா நிறையும் அளவுக்குப் பால் தேங்கிக் கிடந்தது. இரண்டு பூனைகள் அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். ஸ்பூனில் தளும்ப ஊற்றிய பால், விளிம்புக்கு மேலே கொஞ்சம் மேடாக நிற்கும். பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த மேடு ஈரக் கல்லைத் தொட்டதும் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வழி திறந்துவிட்டால் பின்னால் இருக்கும் பாலும் அதே தடத்தில் இழுபட்டுக் கல்லின் மேல் படலமாகப் பரவிக் கீழே இறங்குகிறது. பிடித்திருக்கும் கை, தனக்கே தெரியாமல் மயிரிழை சாய்வதும் உதவுகிறது. டெல்லியில் மத்திய அரசின் அறிவியல் துறையைச் சேர்ந்தவர்கள் அன்றைக்கே பாலில் சாயம் கலந்து ஒரு சிலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் சிலையின் மேல் வழிந்து இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் என் வகுப்பில் பையன்களைச் செய்துபார்க்கச் சொன்னேன். ஒருவன் வீட்டில் அம்மிக்குழவி குடித்தது. இன்னொருவன் வீட்டில் ஷோகேஸில் இருந்த பீங்கான் நாய் குடித்தது.

அன்று சாயங்காலமே அத்தையிடம், "அத்தை, கீழே பாருங்க, பால் வழியுது" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, துளியும் அசராமல், "ஏண்டா, குழந்தை பால் குடிச்சா கடைவாயில வழியாதா?" என்றார். வரிசையே சிரித்தது. நான் தோற்றேன்.

பல வருடம் இதைக் கதையாகச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். பிறகுதான் அங்கே மூன்று வெவ்வேறு கூற்றுகள் ஒரே புடவைத் தலைப்பில் முடிந்து கிடந்தன என்று புரிந்தது. ஸ்பூனில் பால் குறைகிறது என்பது முதலாவது. அது உண்மை, நானே பார்த்தேன். குறைந்த பால் கல்லுக்குள் போகிறது என்பது இரண்டாவது. அது பொய், பூனைகளே சாட்சி. நான் ஊட்டியதைப் பிள்ளையார் ஏற்றுக்கொண்டார் என்பது மூன்றாவது. அத்தைக்கு முக்கியம் இதுதான். இதைச் சாயம் கலந்த பாலாலும் காட்ட முடியாது, பொய்யாக்கவும் முடியாது.

முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவது நிரூபணமாகிவிட்டது என்று நம்புவது பக்தர்கள் பக்கத்துத் தப்பு. இரண்டாவதை உடைத்துவிட்டு மூன்றாவதும் உடைந்தது என்று எக்காளமிடுவது எங்கள் பக்கத்துத் தப்பு. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பால் கல்லுக்குள் போகிறது என்று காலையில் முழங்கிவிட்டு, வழிவதைக் காட்டியதும் 'நான் சொன்னது ஆன்மிக அர்த்தத்தில்' என்று நகர்ந்துகொள்வது, சொன்ன வார்த்தையிலிருந்து நழுவுவது. அத்தை அப்படி நழுவவில்லை, அவர் ஆரம்பத்திலிருந்தே மூன்றாவதில்தான் நின்றார். தொலைபேசியில் செய்தியைப் பரப்பியவர்களைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

சரி, நிரூபிக்கும் பொறுப்புக்கு வருவோம். நீதிமன்றத்தில் இது பழைய சங்கதி. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 101ஆவது பிரிவில், எந்த உண்மை உண்டு என்று சொல்லித் தனக்குச் சாதகமான தீர்ப்பு கேட்கிறாயோ அதை நீயே நிரூபிக்க வேண்டும் என்றது. 2023இல் இயற்றப்பட்டு 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் இதை மாற்றவில்லை. உங்கள் மச்சானுக்கும் இது பொருந்தும். "இதுவரை காட்டியது எனக்குப் போதவில்லை" என்று அவர் சொன்னால், அவர் நிரூபிக்க ஒன்றுமில்லை. போதாது என்பதற்குக் காரணம் சொன்னால் போதும். "கடவுள் கிடையவே கிடையாது" என்று அடித்துப் பேசினால், அவரும் ஒரு கூற்றை வைத்துவிட்டார், அதற்கும் பாடுபட வேண்டும். முதல் நிலைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் தாமஸ் ஹக்ஸ்லி 1869இல் ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்லே உண்டாக்கினார். நாம் அறியொணாவாதம் என்கிறோம். வாய்க்குள் நுழையாத சொல்தான், ஆனால் பலர் நிற்கும் இடம் அதுதான்.

அதே நேரத்தில், 'இல்லை என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது' என்று நீங்கள் பதுங்கவும் கூடாது. கூடத்தில் யானை நிற்கிறது என்கிறீர்கள். போய்ப் பார்க்கிறேன், இல்லை. விஷயம் முடிந்தது. கூடத்தில் ஓர் எறும்பு இருக்கிறது என்றால், நான் பார்த்துவிட்டு 'காணோம்' என்பது பெரிய சாட்சியாகாது. இருந்தால் கண்ணில் பட்டே தீரவேண்டிய பொருள் படவில்லை என்றால் அந்த 'இல்லை' கனமானது. ஆக, உங்கள் கடவுள் யானை வகையா எறும்பு வகையா என்பதை முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுப்பவர், தவறு செய்தவனை அன்றே தண்டிப்பவர் என்றால் அது யானை. உலகத்தில் அதன் தடம் தெரிந்தாக வேண்டும், மச்சான் தேடத்தான் செய்வார்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த குறும்பு என்று நினைக்காதீர்கள். மணிமேகலையின் இருபத்தேழாவது காதை முழுக்க இந்தச் சண்டைதான். வஞ்சி நகரில் ஆண் துறவி வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய் 'உங்கள் சங்கதி என்ன?' என்று கேட்கிறாள். முதலில் வரும் வைதிகவாதி, கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, எதையெல்லாம் ஆதாரமாக ஏற்கலாம் என்ற பட்டியலைத்தான் விரிக்கிறார். அதற்கு அன்றைய பெயர் அளவை. வியாசர் கணக்கில் பத்து, கிருதகோடி கணக்கில் எட்டு, சைமினி கணக்கில் ஆறு. ஒரு பொருள் ஓர் இடத்தில் இல்லை என்று அறிவது அபாவம், நம் யானை விவகாரம் அதில் அடங்கும். ஐதிகம் என்று இன்னொன்று, ஊர் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணத்தைப் பாருங்கள்: இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று தெளிதல்! அப்போதும் புளியமரத்துப் பேய்க்கு ஆதாரம் நாலு பேர் சொல்வதுதான்.

இரண்டு காதை தள்ளி, பௌத்தத் துறவியான அறவண அடிகள் வந்து, ஆதி சினேந்திரன், அதாவது புத்தர், ஏற்ற அளவை இரண்டே, காட்சியும் கருத்தும், அதாவது நேரில் காண்பதும் அதிலிருந்து ஊகிப்பதும்தான் என்று பட்டியலைச் சுருக்கிவிடுகிறார். எனக்கு இதைவிடப் பிடித்தது பூதவாதியோடு நடக்கும் பேச்சு. கண்ணால் காண்பதே மெய், ஊகம் எல்லாம் தள்ளுபடி, மறுபிறப்பாவது ஒன்றாவது என்கிறார் அவர். நம் ஊர் நாத்திகருக்கு மூத்தவர். மணிமேகலை சிரித்துவிட்டு ஒன்று கேட்கிறாள்: உன் தாய் தந்தையை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? நீ பிறந்ததை நீ பார்த்தாயா என்ன! உங்கள் மச்சான் 'கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்' என்கிற ரகமாக இருந்தால் இதைச் சொல்லிப்பாருங்கள். ஆனால் இது உங்கள் பக்கத்தையும் நிரூபித்துவிடாது. ஊகம் செல்லும் என்பதைத்தான் காட்டுகிறது. எந்த ஊகம் செல்லும் என்பது தனி வழக்கு.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய சாத்திரத்தில் நாத்திகன் என்றால் கடவுளை மறுத்தவன் என்று மட்டும் பொருளில்லை. மனுவின் கணக்கில் வேதத்தை நிந்திப்பவன் நாத்திகன். மீமாம்சகர்கள் வேதத்தை உயிராக மதித்தார்கள், படைத்த கடவுள் ஒருவர் தேவை என்று ஒப்புக்கொள்ளவில்லை. சமணர்களும் உலகைப் படைத்தவன் என்று ஒருவனை ஏற்கவில்லை. நம்புகிறவர், மறுக்கிறவர் என்று இரண்டே அணி வைத்து ஆடுவது நம் காலத்துப் பட்டிமன்றப் பழக்கம்.

அடுத்து தீமிதி. மச்சானும் நீங்களும் கட்டாயம் இதில் மோதியிருப்பீர்கள். மரக்கரித் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் ஒவ்வொரு அடியிலும் அரை விநாடிதான் படுகிறது, அதனால் பெரும்பாலும் சுடுவதில்லை. பழைய வீடுகளில் பாட்டிகள் சாம்பிராணி போட அடுப்பிலிருந்து சிவந்த தணலை விரலாலேயே எடுத்துத் தூபக்காலில் போடுவார்கள். அதே பாட்டி அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லை விரலால் தொட மாட்டார், தணலைவிடச் சூடு குறைந்தது என்றாலும். வித்தியாசம் அதுதான். 1935இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பவர் குழி வெட்டி, வெப்பமானி வைத்து, குதா பக்‌ஷ் என்ற காஷ்மீரத்துக்காரரை நடக்கவைத்துப் பார்த்தார். தணலின் மேல்பரப்பு 430 டிகிரி செல்சியஸ் இருந்தது, அவர் பாதத்தில் காயமில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஆபிரகாம் கோவூரின் சாமர்த்தியம் நினைவுக்கு வரும். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவக் குருவின் மகனாகப் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, இலங்கையிலேயே தங்கி 1978இல் மறைந்தவர். தாவரவியல் வாத்தியார். தெய்வ சக்தி உண்டு என்பவர்கள் யாராவது செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963இல் சவால் விட்டார். செய்யவேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாக எழுதியும் வைத்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, எரியும் தணலில் அரை நிமிடம் கொப்பளிக்காமல் நிற்க வேண்டும் என்பது. கவனியுங்கள், நடக்கவேண்டும் என்று அவர் எழுதவில்லை, நிற்கவேண்டும் என்று எழுதினார். நடப்பதற்குத் தெய்வம் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். பணத்தை யாரும் வாங்கவில்லை. அவருக்குப் பிறகு கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த், 2009இல் இறக்கும் வரை, அந்தச் சவாலைத் தூக்கிச் சுமந்தார்.

ஆனாலும் தீமிதியில் இறங்குகிற ஒரு அம்மாவிடம் போய் வெப்பக் கடத்தல் பற்றி நான் பாடம் எடுக்க மாட்டேன். பிள்ளைக்கு உடம்பு தேறினால் பூக்குழி இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார், தேறியது, இறங்குகிறார். 'தீ என்னைச் சுடாது' என்று அவர் எங்குமே சொல்லவில்லை. சுட்டாலும் இறங்குவேன் என்பதுதான் நேர்த்திக்கடன். அந்த நெருப்பு மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற கிராமத்தில் வருடா வருடம் ஜூன் 23 இரவு தீ மிதிக்கிறார்கள். அங்கே மிதிக்கிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. மிதிக்கிறவரின் துடிப்போடு, கரையில் நின்ற உறவுக்காரர்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த அந்நியர்களுக்கு அப்படி நேரவில்லை. திருவிழாவுக்குப் போய் நின்ற எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

ஆனால் யாருக்காவது கால் வெந்துவிட்டால், 'விரதத்தில் ஏதோ குறை, தீட்டோடு இறங்கியிருப்பாள்' என்று கரையில் ஒரு குரல் கேட்கும் பாருங்கள், அங்கே நான் மச்சான் கட்சி. அது சோதிக்கக்கூடிய கூற்று, பொய்யும் கூட. ஓரிடத்தில் நின்றுவிட்டவர், தடுமாறி விழுந்தவர், தணல் சமமாகப் பரவாத இடத்தில் கால் வைத்தவர், இவர்களுக்குத்தான் வேகிறது. வெந்த காலோடு அவமானத்தையும் ஒரு பெண் சுமக்கும்போது, 'நம்பிக்கை விஷயம், தலையிடாதே' என்று ஒதுங்குவது நியாயமில்லை.

நழுவுதல் என்று சொன்னேனே, அதற்குப் பெரிய உதாரணம் 1976இல் பெங்களூரில் நடந்தது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா, அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். காற்றிலிருந்து விபூதியும் மோதிரமும் வரவழைக்கிறார் என்று புகழ்பெற்றிருந்த புட்டபர்த்தி சத்ய சாயி பாபாவுக்கு, குழுவின் முன்னால் செய்து காட்டும்படி மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த வருடம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் பாபா சொன்ன விளக்கம், அறிவியல் புலன்களுக்கு எட்டுவதோடு நிற்க வேண்டும், ஆன்மிகம் புலன்களைக் கடந்தது என்ற பொருளில் இருந்தது. தத்துவமாக அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விபூதி புலனுக்கு எட்டுகிற பொருள்தானே? நெற்றியில் பூசுகிறோம், வாயில் போட்டுக்கொள்கிறோம். அவர் ஆஸ்பத்திரி கட்டியதையும் குடிநீர் கொடுத்ததையும் யாரும் மறுக்கவில்லை. அதெல்லாம் விபூதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலாகாது.

இப்போது எங்கள் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி தூக்கிக் காட்டும் பிரார்த்தனை ஆய்வு. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. பிரார்த்தனை உண்டோ இல்லையோ என்று தெரியாத இரண்டு குழுக்களில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, செய்யப்படாதவர்களில் 51 சதவீதம். 'உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள்' என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59. நாத்திகர்கள் கைதட்டினார்கள். பக்தர்கள், கடவுளைச் சோதனைச் சாலையில் வைக்கக்கூடாது என்றார்கள்.

கைதட்டியவர்களுக்கு நான் சொல்வது: அந்த ஆய்வு சோதித்தது, முன்பின் தெரியாதவர்கள், பெயரும் முதலெழுத்தும் மட்டும் வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துப் பிரார்த்திப்பதை. தாய் பிள்ளைக்காக அழுவது அதில் இல்லை. எந்தப் பிரார்த்தனையாலும் எதுவும் ஆகாது என்று அதிலிருந்து கறக்க முடியாது. பக்தர்களுக்குச் சொல்வது இன்னும் கொஞ்சம் காரமானது. சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை வைத்து நடந்த இதே மாதிரி ஓர் ஆய்வு 1988இல் வெளியானது. அதில் பிரார்த்தனைக் குழுவுக்குச் சில அளவுகளில் நல்ல முடிவு வந்தது. அப்போது 'கடவுளைச் சோதிக்காதே' என்று எத்தனை பேர் சொன்னார்கள்? மேடை மேடையாக அதை எடுத்துக்காட்டினார்கள். ஜெயித்தால் ஆதாரம், தோற்றால் ஆதாரத்துக்கு அப்பாற்பட்டது என்றால் அது தாயக்கட்டையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம்.

அமெரிக்காவில் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்துப் பல வருடம் நடத்திய சோதனைகளில், எனக்குத் தெரிந்து உருப்படியான விதி ஒன்றுதான்: எது நடந்தால் வெற்றி, எது நடந்தால் தோல்வி என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். குடும்பச் சண்டைக்குப் பத்திரம் தேவையில்லை. ஆனால் 'எதைக் காட்டினால் நீங்கள் மனதை மாற்றிக்கொள்வீர்கள்?' என்று மச்சானைக் கேளுங்கள், அதே கேள்வியை அவர் கேட்டால் பதில் வைத்திருங்கள். 'எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்' என்று இருவரில் ஒருவர் சொன்னாலும் வாதத்தை நிறுத்திவிட்டுப் பாயசம் சாப்பிடலாம், தப்பே இல்லை.

ஆதாரம் கேட்பதே தப்பா என்றீர்கள். கேட்டவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் இந்தக் கேள்வி எனக்குக் கசக்கிறது. 2012இல் மும்பையில், வேளாங்கண்ணி மாதா பெயரில் உள்ள ஒரு தேவாலயத்தில் சிலுவையிலிருந்து தண்ணீர் சொட்டியபோது, பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அடைபட்ட சாக்கடைத் தண்ணீர் சுவரில் ஏறி வருகிறது என்றார். மத உணர்வைப் புண்படுத்தியதாக அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவில் புகார்கள் வந்தன. அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். நரேந்திர தாபோல்கர் மகாராஷ்டிரத்தில் கடவுளைப் பற்றிப் பேசாமல், பில்லி சூனியத்தின் பேரால் நடக்கும் மோசடியையும் வன்கொடுமையையும் மட்டும் தடுக்க ஒரு சட்டம் கேட்டுப் பதினெட்டு வருடம் போல அலைந்தார். 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைக்குப் போன இடத்தில், புணேயில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். சில நாளிலேயே அந்தச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. குனிந்து கோமுகியைப் பார்த்ததற்கு எனக்குக் கிடைத்தது அத்தையின் கிண்டல் மட்டும்தான். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நம்புகிறவரும் நம்பாதவரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டால், கணிதமேதை ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் இருக்கிறார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தந்த சூத்திரங்கள் என்று ராமானுஜன் சொன்னதாக அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹார்டி கறாரான நாத்திகர். ராமானுஜனிடமிருந்து 1913இல் வந்த கடிதத்தைப் பார்த்து அவர், இவை எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கவில்லை. நிறுவ முடிகிறதா என்று பார்த்தார். பெரும்பாலானவை நின்றன. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியதில் முக்கியமான சில தவறாகப் போயின. தாயார் தந்ததில் எப்படித் தவறு வரும் என்று மச்சான் கேட்பார், நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடித்த நிறுவல்முறையை ராமானுஜனும் ஏற்றுக்கொண்டுதான் ஐந்து வருடம் கேம்பிரிட்ஜில் வேலை செய்தார். இதில் ஒரு வேடிக்கை. எல்லா மதமும் ஏறக்குறைய சமமான உண்மையாகத்தான் தோன்றுகிறது என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக ஹார்டி எழுதினார். ராமானுஜன் நம்மூர் வழக்கப்படி ஆசாரமான பக்தர் என்று அவருடைய இந்திய நண்பர்கள் சொன்னார்கள். கூடவே இருந்த ஒரு மனிதர் எதை நம்பினார் என்பதிலேயே சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

பக்தி உள்ளவர்கள் ஆதாரம் கேட்க மாட்டார்கள் என்று மச்சான் சொன்னால், அத்தையைப் பற்றிச் சொல்லுங்கள். அதே வருடம் மார்கழியில் எங்கள் தெருவுக்குக் காவி கட்டிய ஒருவன் வந்தான். நகையைச் செம்பில் போட்டுப் பூஜை செய்தால் இரட்டிப்பாகும், அம்பாள் உத்தரவு என்றான். இரண்டு வீட்டில் வளையலைக் கழற்றத் தயாராகிவிட்டார்கள். அத்தை திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவன் விரலில் ஒரு கல் மோதிரம் இருந்தது.

"அம்பாள் மகா சக்தி, எனக்குத் தெரியும் சாமி. முதல்ல உன் மோதிரத்தை அந்தச் செம்புல போடு. ரெண்டா வரட்டும், அப்புறம் என் சங்கிலியைக் கழட்டுறேன்."

அவன் காலாற உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.